துரு புடிச்ச ரோட்ஸ்டர்: எடுத்து சரி பண்றதா, முடிஞ்ச காரா வாங்கறதா?

நண்பன் ஒருத்தன் ரொம்ப நாளா ஒரு பழைய ரோட்ஸ்டர், அதாவது இரும்புக் கூரை இல்லாத சின்ன ஸ்போர்ட்ஸ் கார், வாங்கணும்னு அலைஞ்சுகிட்டு இருந்தான், கடைசியில நாலு கார் பட்டியல்ல வந்து நின்னுச்சு. முதல் கார் செவப்பு எம்ஜிபி, எம்ஜி கம்பெனியோட பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர், பெயிண்ட் புதுசு, பாத்த உடனே மனசு அங்கயே போயிடும். ரெண்டாவது பச்சை எம்ஜிபி, ஒரு ஷெட்டுக்குள்ள தார்ப்பாய் போட்டு மூடி பல வருஷமா கிடந்தது, பெயிண்ட் வெளுத்து அங்கங்க துரு பொரிஞ்சு நாலு டயரும் காத்து இறங்கி தரையோட ஒட்டிப் போயிருந்துச்சு. மூணாவது டிரையம்ஃப் டிஆர்6, ஆனா அதை கார்னு சொல்ல முடியாது, ஒரு சேஸி, ஒரு பாடி, மீதி எல்லாம் பெட்டி பெட்டியா. நாலாவது ஒருத்தர் ஏற்கனவே முழுசா ரெஸ்டோர் பண்ணி ஓட்டிக்கிட்டு இருக்கற எம்ஜிபி, விலை மத்த மூணையும் விட ரொம்பவே அதிகம். எனக்கு வெல்டிங் வேலை தெரியும்ங்கறதால என்னையும் கூட்டிட்டு போனான். அந்த நாலு காரையும் பாத்தப்போ நாங்க எதை எதை தட்டிப் பாத்தோம், எதுக்கு எவ்ளோ மதிப்பு போட்டோம்ங்கறதைத்தான் இங்க எழுதறேன், ஏன்னா இதே முடிவுல மாட்டிக்கிட்டு நிக்கறவங்க நிறைய பேர்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். துரு எவ்ளோ இருக்குன்னு பாத்து விலை போடாதீங்க, துரு எங்க இருக்குன்னு பாத்து போடுங்க. பானெட் முழுக்க துரு இருந்தாலும் அது கழட்டி மாத்தற சாமான், ஆனா கதவுக்கு கீழ ஓடற சில்லுல ஒரு கையளவு இத்துப் போயிருந்தா அது காரோட முதுகெலும்பு. ரெண்டும் துருதான், செலவு ஒண்ணு கிடையாது.

ரோட்ஸ்டருக்கு ஏன் இது இவ்ளோ முக்கியம்னா அதுக்கு மேல கூரை இல்ல. சாதாரண கார்ல கூரை, தூண், சில் எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி பாடியை இறுக்கிப் புடிச்சுக்கும், கீழ கொஞ்சம் அரிச்சாலும் மேல இருக்கறது தாங்கும். ரோட்ஸ்டர்ல மேல புடிக்க ஒண்ணுமே இல்ல, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கறது ரெண்டு பக்க சில்லும், தரைக்கு நடுவுல மேடா நீளமா போற டனலும்தான். எம்ஜிபில சில் வெறும் ஒரு தகரம் கிடையாது, வெளி சில், உள்ள ஒரு நடுத்தகடு, உள் சில், அதுக்கு அடியில கேசில் ரெயில்னு ஒரு பகுதி, எல்லாம் சேர்ந்து வெல்டு ஆகி ஒரு மூடின குழாய் மாதிரி ஆனாத்தான் பலம். வெளித்தகடு மட்டும் புதுசா பளபளன்னு இருந்து உள்ள இருக்கற நடுத்தகடு பொடியா உதிர்ந்து போயிருந்தா அந்த கார் நடுவுல இருந்து தொங்க ஆரம்பிச்சிடும், ஓட்டறவருக்கு முதல்ல தெரியறது கதவு சரியா மூடலைங்கறது மட்டும்தான்.

அதனால நாங்க முதல்ல பாத்தது கதவு இடைவெளி. இதுக்கு ஒரு கருவியும் வேணாம், அட்டையை மடிச்சு கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவுல இருக்கற சந்துல மேல ஒரு இடம், கீழ ஒரு இடம் சொருகி பாத்தாப் போதும். காரு சமதரையில நிக்கறப்போ ஒரு தடவை, அப்புறம் ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கிட்டு ஒரு தடவை. செவப்பு கார்ல தரையில நிக்கறப்போ மேல சந்து இறுக்கமா இருந்துச்சு, அட்டை ஒரு மடிப்புதான் போச்சு, கீழ மூணு மடிப்பு போச்சு. அதுவே சரியில்ல. ஜாக்கி ஏத்தினப்புறம் கதவைத் திறந்து திரும்ப மூடப் பாத்தான் நண்பன், லாக் ஏறவே இல்ல, பூட்டு நாக்கு அது உக்கார வேண்டிய இடத்துக்கு மேல போய் முட்டி நிக்குது. வித்தவர் இது கீல் அட்ஜஸ்ட்மெண்ட்தான்னு சொன்னாரு. கீல் அட்ஜஸ்ட்மெண்ட்னா ஜாக்கி ஏத்தினாலும் இறக்கினாலும் ஒரே மாதிரி தப்பா இருக்கணும், தூக்கும்போது மாறுதுன்னா பாடியே வளையுதுன்னு அர்த்தம்.

பச்சை காருக்கும் அதே சோதனை பண்ணினோம். பாக்க அசிங்கமா இருந்த கார் அது, முன் மட்கார்டு கீழ விரல் போற அளவு ஓட்டை, ஆனா கதவு சந்து மேலயும் கீழயும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஜாக்கி போட்டு தூக்கினப்புறமும் கதவு ஒரு தள்ளுல மூடிக்கிச்சு. அங்கயே என் மனசு பச்சை பக்கம் சாய ஆரம்பிச்சிடுச்சு, ஆனா நண்பன் கண்ணு இன்னும் செவப்பு மேலதான்.

அடுத்தது கீழ படுத்து பாக்கற வேலை. இதுக்கு ஒரு மொட்டை ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச், துணி சுத்தின ஒரு காந்தம், இது மூணும் வேணும். காந்தம் எதுக்குன்னா பட்டி போட்ட இடத்துல அது ஒட்டாது, இல்ல லேசா ஒட்டி வழுக்கிடும். துணி சுத்தலைன்னா பெயிண்ட்ல கீறல் விழும், அது அடுத்தவர் கார், மரியாதையா பாக்கணும். செவப்பு காரோட பின் மட்கார்டு வளைவுல காந்தம் வச்சா அப்படியே கீழ விழுது, கிட்டத்தட்ட ஒரு சாண் நீளத்துக்கு பட்டி. அடியில பாத்தா கருப்பா புதுசா அண்டர்சீல், அதாவது காரோட அடிப்பக்கத்துக்கு அடிக்கற தடிப்பான பூச்சு, அடிச்சிருக்கு, வாசனை கூட போகல. புது அண்டர்சீலைப் பாத்தா சந்தேகப்படுங்க, ஏன்னா துருவை சுத்தம் பண்ணாம மேல அடிச்சா அது ஈரத்தை உள்ள அடைச்சு வச்சு வெளிய தெரியாம அரிக்க விடும், புண்ணை ஆத்தாம மேல புனுகு பூசற கதைதான். உரிமையாளர்கிட்ட கேட்டு அனுமதி வாங்கிட்டு ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால தட்டினேன். நல்ல தகடு டங்குன்னு கேக்கும். இது டப்புனு கேட்டுச்சு, ஈரக் களிமண்ணுல தட்டற மாதிரி. கொஞ்சம் அழுத்தினதும் அண்டர்சீல் தோலோட சேர்ந்து உள்ள போயிடுச்சு, வெளிய எடுத்தப்போ நுனில காப்பித் தூள் மாதிரி துரு ஒட்டியிருந்துச்சு. அந்த ஒரு நிமிஷத்துல அந்த காரோட மதிப்பு பாதிக்கு கீழ போயிடுச்சுன்னு நண்பனுக்கும் புரிஞ்சுது, அவன் ஒண்ணும் பேசல.

பழைய சில்லை வெட்டி எடுக்காம அதுக்கு மேலயே இன்னொரு சில் தகட்டை வச்சு ஒட்டறது நிறைய நடக்கற வேலை. எம்ஜிபில ஒழுங்கான வெளி சில் கதவு நீளத்தோட நிக்காது, முன்னாடி மட்கார்டுக்கு உள்ள போகும், பின்னாடியும் மட்கார்டுக்கு அடியில போகும், அதனால அதை ஒழுங்கா மாத்தணும்னா முன் மட்கார்டை கழட்டணும், பின் மட்கார்டோட கீழ் பகுதியை வெட்டணும். முன் மட்கார்டு போல்ட்ல மாட்டினது, கழட்டலாம், அந்த போல்ட் தலையில ஸ்பேனர் பட்ட தடமே இல்லாம மேல பழைய பெயிண்ட் ஒட்டிக்கிட்டு இருந்து, சில் மட்டும் புதுசுன்னா, மட்கார்டை கழட்டாமலே மூடி வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கலாம். இந்த மாதிரி செஞ்ச வேலை வேலையே செய்யாததை விட மோசம், ஏன்னா நீங்க காசு கொடுத்து அதை முதல்ல பிரிச்சு எடுக்கணும், அப்புறம்தான் சரி பண்ணவே ஆரம்பிக்கலாம்.

துரு ஏன் இப்படி உள்ள இருந்து வெளிய வருதுன்னு தெரிஞ்சா எங்க பாக்கணும்னு தானா புரியும். மூடின பெட்டிப் பகுதிக்குள்ள ராத்திரி குளிருக்கு ஈரம் வேர்த்து நிக்கும், தண்ணி வடியறதுக்கு விட்ட ஓட்டையை சேறு அடைச்சிடும், அப்புறம் அங்க காயவே காயாது. துரு ஆன இரும்பு பழைய இரும்பை விட பல மடங்கு இடம் எடுத்துக்கும், அதனால ரெண்டு தகடு சேர்ற இடத்துல துரு புடிச்சா தகடே வீங்கி பிரிஞ்சு அலை அலையா தெரியும். அந்த அலை தெரிஞ்சா மேல தேச்சு ஒண்ணும் ஆகாது, வெட்டித்தான் எடுக்கணும். உப்புத் தண்ணி பட்ட கார்னா இது எல்லாமே ரெண்டு மடங்கு வேகம். 1989ல வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5லயும் இதே கதைதான், ஹூட்ல, அதாவது மடிக்கற மேல்கூரையில, இருந்து தண்ணி வடியற குழாய் அடைச்சுக்கிட்டா சில்லோட பின்பகுதி உள்ள இருந்து அரிக்கும், வெளிய குமிழ் தெரியறப்போ உள்ள பாதி போயிருக்கும். எம்ஜிபில இதோட சேர்த்து சீட்டுக்குப் பின்னாடி இருக்கற பேட்டரி பெட்டி, பின் லீஃப் ஸ்பிரிங் முன்பக்கமா மாட்டற இடம், பெட்ரோல் டேங்க்கோட மேல்பக்கம், கால் வைக்கற தரை இதெல்லாம் பாக்கணும். டேங்க் மேல்பக்கம் ஏன்னா டேங்க்குக்கும் அதுக்கு மேல இருக்கற டிக்கித் தரைக்கும் நடுவுல ஈரம் மாட்டிக்கும், கீழ இருந்து பாத்தா டேங்க் நல்லா இருக்கற மாதிரியே தெரியும்.

இப்போ டிஆர்6 கதைக்கு வரேன், ஏன்னா இங்கதான் கார் கட்டின விதமே கணக்கை மாத்துது. எம்ஜிபி, ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் மாதிரி வண்டிங்க மோனோகாக், பாடியே சேஸி. டிஆர்6, எம்ஜிஏ மாதிரி வண்டிங்களுக்கு தனி சேஸி, பாடி அதுக்கு மேல போல்ட்ல உக்காந்திருக்கும். தனி சேஸின்னா நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்க, அதுல பாதி உண்மை. சேஸியை தனியா எடுத்து மணல் அடிச்சு சுத்தம் பண்ணி வெல்டு பண்ணலாம், பாடியை தனியா பாக்கலாம், ஒரே நேரத்துல எல்லாத்தையும் நேரா புடிச்சு நிறுத்தற தலைவலி குறைவு. ஆனா டிஆர்6ல பின் சஸ்பென்ஷனோட டிரெய்லிங் ஆர்ம், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கற கை, மாட்டற இடத்துல சேஸி அரிக்கறது ரொம்ப பழக்கமான வியாதி, அங்க போயிருந்தா பின் சக்கரம் நேரா நிக்காது, அந்த இடத்தை கட்டாயம் தட்டிப் பாக்கணும். பாடியை தூக்கறப்போ கதவு ஓட்டையில குறுக்கு கம்பி வெல்டு பண்ணாம தூக்கினா பாடி வளைஞ்சிடும், திரும்ப உக்கார வச்சா போல்ட் ஓட்டை எதுவும் நேரா வராது.

நடுவுல ரெண்டு மூணு வண்டி இருக்கு, பேரைக் கேட்டு ஏமாறக் கூடாது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு தனி சேஸி உண்டு, ஆனா அது நடுவுல ஓடற முதுகெலும்பு மாதிரி சேஸி, பக்கவாட்டு பலத்துக்கு சில் வேணும், அதனால சேஸி இருக்கே சில் போனா என்னன்னு விட முடியாது. ஆஸ்டின் ஹீலி 3000ல சேஸியோட பாடி அடிப்பகுதி சேர்ந்தே வெல்டு ஆகியிருக்கும், தூக்கி தனியா வைக்கற பேச்சே இல்ல. லோட்டஸ் எலானுக்கு ஃபைபர் பாடி, அதுல துரு கிடையாதுன்னு நம்பி வாங்கிடுவாங்க, அடியில இருக்கற இரும்பு முதுகெலும்பு சேஸி அரிச்சிருக்கும், ஆனா அதுக்கு முழு சேஸியே மாத்திடலாம்ங்கறது நிம்மதி. ஜாகுவார் இ-டைப்ல முன்பக்கம் இஞ்சினை தாங்கற குழாய் சட்டம் உள்ள இருந்து அரிக்கும், வெளிய பெயிண்ட் நல்லாவே இருக்கும்.

டிஆர்6 சேஸி உண்மையில நல்லா இருந்துச்சு, யாரோ ஒருத்தர் பாதி வேலை பண்ணிட்டு விட்டுட்டாரு. பிரச்சனை பெட்டிங்கதான். இருபது இருபத்தஞ்சு பெட்டி, மேல மார்க்கர்ல எழுதியிருக்கு, திறந்தா எழுதினது ஒண்ணு உள்ள இருக்கறது ஒண்ணு. பிரிச்சுப் போட்ட கார்ல எது இல்லைன்னு கண்டுபுடிக்கறதே ஒரு மாச வேலை. விண்ட்ஸ்கிரீன் சட்டம் இருக்கா, ஹூட்டோட இரும்பு எலும்புக்கூடு இருக்கா, கதவு கண்ணாடி ஏறி இறங்கற மெக்கானிசம் இருக்கா, ஒவ்வொரு கிளிப்பும் இருக்கான்னு யாராலயும் அன்னிக்கு சொல்ல முடியாது. துருவோட முழுசா நிக்கற கார், துரு இல்லாம பெட்டிக்குள்ள இருக்கற காரை விட மேல்னு நான் ஆணித்தரமா சொல்வேன், ஏன்னா முழுசா நிக்கற கார்ல எந்த சாமான் எங்க மாட்டணும்னு கார் தானே காட்டும், கழட்டறப்போ போட்டோ எடுத்து வச்சுக்கலாம். பெட்டியில வந்த காருக்கு அந்த வரைபடம் தொலைஞ்சு போச்சு.

இதே மாதிரி கண்ணுக்கு சின்னதா தெரிஞ்சு பையை காலி பண்றது குரோம். பம்பர் இரும்புத் தகடு, நெளிவு எடுத்து தேச்சு திரும்ப குரோம் ஏத்தலாம். ஆனா கைப்புடி, விளக்கு அடிப்பாகம், பேட்ஜ் மாதிரி சின்ன சாமான் நிறைய மசாக்னு ஒரு துத்தநாகக் கலவையில வார்த்தது, அதுல குழி விழுந்துட்டா ஒவ்வொரு குழியையும் தோண்டி சுத்தம் பண்ணி செம்பு ஏத்தி அடைச்சு திரும்ப மட்டம் பண்ணணும், அதுக்கான ஆளே குறைவு. எம்ஜிபி மாதிரி காருக்கு புதுசு வாங்கிடலாம், குறைவா வந்த காருக்கு அது முடியாது. இதுக்கு நேர்மாறா எல்லாரும் பயப்படற விஷயம் இஞ்சின். ஜாமான இஞ்சினைப் பாத்து விலையை அடிச்சு குறைப்பாங்க, குறைக்கலாம் தப்பில்ல, ஆனா எம்ஜிபியோட 1798 சிசி பி-சீரிஸ் இஞ்சின் வார்ப்பிரும்பு, எளிமையான இஞ்சின், ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா இளக்கற எண்ணெய் ஊத்தி சில நாள் விட்டு கையால மெதுவா திருப்பினா நிறைய தடவை விட்டுக் கொடுத்துடும். விடலைன்னாலும் இன்னொரு இஞ்சின் கிடைக்கும், சாமான் கிடைக்கும். துருவுக்கு ஒப்பிட்டா இஞ்சின் செலவு ஒரு எல்லைக்குள்ள நிக்கற செலவு. தகரத்துக்குத்தான் எல்லை கிடையாது, ஒரு ஓட்டையை வெட்டினா நல்ல இரும்பு கிடைக்கற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும்.

மதிப்பு போடற கணக்குக்கு வருவோம். அதே மாடல், அதே வருஷம், நல்லா ரெஸ்டோர் ஆன கார் என்ன விலைக்கு உண்மையா விக்குதுன்னு முதல்ல கண்டுபுடிங்க. விளம்பரத்துல கேக்கற விலை வேணாம், ஏலத்துல கை மாறின விலையைப் பாருங்க. அதை 100ன்னு வச்சுக்குவோம். பாடி வெல்டிங், டிங்கரிங், பெயிண்ட், குரோம், ஹூட் சீட் வேலை, இஞ்சின், பிரேக், ஒயரிங்னு தனித்தனியா எழுதி கூட்டுங்க. கூட்டினதுக்கு மேல கால் பங்கு தெரியாத செலவுன்னு சேருங்க, இது நான் பட்டு கத்துக்கிட்டது, ஒரு தடவை கூட குறைவா வந்ததில்ல. அந்த மொத்தத்தை 100ல இருந்து கழிச்சா மிச்சம் வர்றதுதான் இன்னிக்கு அந்த துரு காருக்கு நீங்க கொடுக்கற அதிகபட்ச விலை. நிறைய சமயம் கழிச்சா பூஜ்யத்துக்கு கீழ போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்க இல்ல, சாதாரண ரோட்ஸ்டர்ல அது அப்படியே நடக்கும், கார் சும்மாவே கிடைச்சாலும் வேலையை முழுக்க வெளிய கொடுத்து பண்ணினா முடிஞ்ச காரை விட அதிகமா செலவாகும்.

அதனாலதான் எந்த கார்ங்கறது முக்கியம். எம்ஜிபி ரோட்ஸ்டர் 1962ல இருந்து 1980 வரைக்கும் மூணே முக்கால் லட்சத்துக்கும் மேல வந்துச்சு, கார் நிறைய கிடைக்கும், அதனால உச்ச விலைக்கும் ஒரு எல்லை இருக்கு. அதுவே நல்லதும் கூட, சாமான் எல்லாமே கிடைக்குது, 1988ல இருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் கம்பெனி முழு பாடி ஷெல்லையே, அதாவது சாமான் எதுவும் மாட்டாத வெறும் பாடிக் கூட்டையே, பழைய அச்சுல புதுசா அடிச்சுக் கொடுக்கறாங்க. மெர்சிடிஸ் 190எஸ்எல் 1955ல இருந்து 1963 வரைக்கும் வெறும் 25,881 கார்தான், உச்ச விலை ரொம்ப மேல, அதனால எம்ஜிபில தூக்கிப் போட வேண்டிய அளவு துரு அதுல சரி பண்ண வேண்டிய துருவாயிடும். எம்ஜிஏவுலயே ட்வின் கேம்ங்கற வகை 2,111 மட்டும்தான் வந்துச்சு, சாதாரண எம்ஜிஏவையும் அதையும் ஒரே தராசுல வைக்க முடியாது. ஒரே மாடல்லயே வித்தியாசம் உண்டு. எம்ஜிபில 1974 கடைசில அமெரிக்க சட்டத்துக்காக கருப்பு ரப்பர் பம்பர் போட்டு உயரத்தையும் கூட்டினாங்க, அதுக்கு முன்னாடி வந்த குரோம் பம்பர் காருக்குத்தான் மதிப்பு அதிகம், துரு வேலை ரெண்டுக்கும் ஒரே செலவு.

இங்கதான் நம்பர் பாக்கணும். எம்ஜிபி சேஸி நம்பர் ஜிஹெச்என்னு ஆரம்பிச்சா ரோட்ஸ்டர், ஜிஹெச்டின்னு ஆரம்பிச்சா கூரை வச்ச ஜிடி. டிஆர்6ல சிபின்னு ஆரம்பிக்கற நம்பர் 150 குதிரைத்திறன்னு சொல்லி வித்த பெட்ரோல் இஞ்செக்ஷன் கார், சிசின்னு ஆரம்பிச்சா அமெரிக்காவுக்கு அனுப்பின கார்புரேட்டர் கார். அந்த பெட்டி டிஆர்6ஐ இஞ்செக்ஷன் கார்னு சொல்லித்தான் வித்தாங்க, பாடியில இருந்த நம்பர் சிசின்னு ஆரம்பிச்சுது. வித்தவர் பொய் சொன்னாருன்னு சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம், ஆனா மதிப்பு ஒண்ணு கிடையாது. கார்ல இருக்கற நம்பரும் பேப்பர்ல இருக்கற நம்பரும் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க, ஒத்துப் போகலைன்னா துரு எவ்ளோ கம்மியா இருந்தாலும் நான் நகர்ந்துடுவேன். பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிடேஜ் டிரஸ்ட்டுக்கு எழுதினா பழைய உற்பத்திப் பதிவேட்டுல இருந்து அந்த கார் எந்த கலர்ல எந்த நாட்டுக்கு எப்போ போச்சுன்னு சான்றிதழ் கொடுப்பாங்க, பச்சை காருக்கு பின்னாடி அதை வாங்கினோம், பிறக்கும்போதே அது பச்சைதான்.

சரி, வழிங்களை வரிசையா பாப்போம், ஆனா எல்லாத்துக்கும் ஒரே அளவு இடம் கொடுக்க மாட்டேன்.

முடிஞ்ச காரை வாங்கறதுதான் காசு கணக்குல பெரும்பாலும் ஜெயிக்கும். முன்னாடி செலவு பண்ணினவரோட நஷ்டம் உங்களுக்கு லாபம். ஓட்டத்தான் ஆசை, வெல்டிங் மேல ஆசை இல்லைன்னா இதைத் தவிர வேற யோசிக்கவே வேணாம். ஆனா ஒண்ணு, வேலை நடந்தப்போ எடுத்த போட்டோ வேணும். அந்த நாலாவது காருக்கு பெயிண்ட் அடிச்சப்புறம் எடுத்த போட்டோதான் இருந்துச்சு, சில் வெட்டித் திறந்தப்போ எடுத்தது ஒண்ணு கூட இல்ல. மூணு தகடும் மாத்தினேன்னு வாய்ல சொன்னாரு, நல்ல மனுஷன்தான், ஆனா அவ்ளோ காசுக்கு வாய் வார்த்தை போதாது. போட்டோ இருந்திருந்தா அன்னிக்கே அதை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

முழு ரெஸ்டோரேஷன்னா கடைசி போல்ட் வரைக்கும் கழட்டி செய்யறது. சொந்தக் கையால செய்யறவங்களுக்கும், உச்ச விலை ரொம்ப மேல இருக்கற காருக்கும் இது சரி. மத்தவங்களுக்கு ஆபத்து என்னன்னா கழட்டறது ஒரு வாரத்துல முடிஞ்சிடும், சேக்கறதுக்கு வருஷக்கணக்கு ஆகும், நடுவுல வாழ்க்கையில ஏதாவது வந்துச்சுன்னா உங்க காரும் அந்த டிஆர்6 மாதிரி பெட்டியில போய் உக்காந்துடும். அதுக்கு பதிலா ஓட்டிக்கிட்டே பகுதி பகுதியா சரி பண்றதுன்னு ஒரு வழி இருக்கு, எனக்கு மனசுக்கு புடிச்சது அதுதான், முதல்ல சில், தரை, பிரேக், அடுத்த வருஷம் மட்கார்டு, அப்புறம் பெயிண்ட். ஆனா பலம் தாங்கற பகுதி முதல்ல முடிஞ்சிருக்கணும், அது முடியாம ரோட்டுல எடுக்கக் கூடாது, இதுல விட்டுக் கொடுக்கவே மாட்டேன்.

புது ஷெல் வாங்கி பழைய சாமானை மாத்தறது எம்ஜிபி மாதிரி சில வண்டிக்கு மட்டும் முடியும். சில்லு, தரை, ஸ்பிரிங் மாட்டற இடம் எல்லாமே போன காருக்கு மணிக்கணக்குல வெல்டிங் கூலி கொடுக்கறதை விட ஷெல் மலிவா முடியலாம். ஆனா காரோட பிறப்பு அடையாளம் பத்தின கேள்வி வரும், உங்க ஊர் பதிவு சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு இறங்குங்க. செவப்பு காருக்கு நான் சொன்ன ஒரே வழி இதுதான், அதுவும் அதை உதிரி சாமான் விலைக்கு கொடுத்தா மட்டும். அப்படியே வச்சு பராமரிக்கறதுன்னு இன்னொண்ணு, ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் சீட்டோட வந்த அபூர்வமான காருக்கு அதுதான் நியாயம், ஒரு தடவை புதுசாக்கிட்டா பழைய நிலைமைக்கு திரும்ப முடியாது. உதிரியா பிரிச்சு விக்கறது எனக்கு மனசு வராத வேலை, ஆனா இத்துப் போன ஒரு கார் நாலு காரை உயிரோட வைக்கும்னா அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

நண்பனுக்கு வாரக் கடைசி நேரம் இருந்துச்சு, கத்துக்கற ஆர்வம் இருந்துச்சு, மொத்தமா கொடுக்க காசு இல்ல. இந்த மூணையும் வச்சுத்தான் பச்சை கார்னு முடிவாச்சு. முன் மட்கார்டு ரெண்டும், தரை, ரெண்டு பக்க சில்லோட கீழ்பகுதி, டேங்க் இதெல்லாம் போயிருக்குன்னு தாள்ல எழுதி வித்தவர்கிட்டயே காட்டினோம், அவரும் கூட படுத்து டார்ச் அடிச்சு பாத்தாரு, வாக்குவாதமே இல்லாம விலை இறங்கிச்சு. குறையை மறைச்சு பேசறதை விட சேர்ந்து பாக்கறது எவ்ளோ நல்லதுன்னு அன்னிக்கு தோணுச்சு. செவப்பு காரை வேற யாரோ முழு விலைக்கு எடுத்துட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டோம், அவங்க ஜாக்கி போட்டு பாத்தாங்களான்னு தெரியல, நினைச்சா இன்னும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

பச்சை கார் இப்போ என் வேலை இடத்துலதான் நிக்குது. வெட்டறதுக்கு முன்னாடி கதவு ஓட்டை ரெண்டுலயும் குறுக்கு கம்பி வச்சோம், காரோட எடை சஸ்பென்ஷன் மேலயே உக்காந்திருக்கற மாதிரி ஸ்டாண்டு கொடுத்தோம், ஒரு பக்கம் முழுசா முடிச்சு வெல்டு ஆறினப்புறம்தான் மறுபக்கத்தை தொடறதுன்னு வச்சிருக்கோம், ரெண்டையும் ஒண்ணா வெட்டினா கார் எந்தப் பக்கம் வளையும்னு சொல்லவே முடியாது. வெளி சில்லை உரிச்சப்போ நடுத்தகடு மேல்பாதி அப்படியே ஃபேக்டரி பிரைமரோட இருந்துச்சு, கீழ நாலு விரல் அளவுதான் போயிருந்துச்சு, கதவு சந்து சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு. வலது பக்கம் போன வாரம் முடிஞ்சுது, கம்பியை எடுத்துட்டு கதவை மாட்டி அதே அட்டையை சொருகி பாத்தோம், மேல ரெண்டு மடிப்பு, கீழ ரெண்டு மடிப்பு. இடது பக்கத்துக்கு தகடு வெட்டி வச்சாச்சு.